பதினான்காம் வட்டு

எடை அறையில் பேசக் கூடாது.
மூச்சைக்கூட
தராசுப் பக்கம் விடக் கூடாது.
கண்ணாடிக் கதவு மூன்றையும் சாத்திவிட்டு
எண் நிற்கும்வரை
நெஞ்சைக் கட்டிக்கொண்டு நிற்பேன்.
கடைசி இலக்கம் மட்டும்
மேலும் கீழும் தடுமாறும்,
இருட்டில் தாழ்ப்பாள் தேடும் விரல் மாதிரி.

குன்றிமணிக்குக் கீழே எள்.
எள்ளுக்குக் கீழே
சந்தையில் எவரும் எதையும் நிறுப்பதில்லை.
அங்கேதான் என் வேலை தொடங்குகிறது.

திபிலீசியில்
முப்பது ஓட்டுநர்களுக்குப் பம்பு கொடுத்தோம்.
இடுப்பில் ஒரு பெட்டி,
கழுத்துப்பட்டைக்குக் கீழே சின்னதாக ஒரு வாய்.
அவர்கள் இழுக்கும் காற்றை அதுவும் இழுக்கும்,
இருமாமல்.
காலையில் வெள்ளையாகப் போகும் வட்டு
இரவில் சாம்பலாகத் திரும்பும்.
சிலருடையது நனைந்த கல்லின் நிறம்.
ஜும்பேருடையது கரி.

தீதுபே நிலையத்திலிருந்து
ஆற்றங்கரைச் சாலை வழியே போகும் சிற்றுந்து.
பக்கவாட்டில் இன்னும் அழியாமல்
யாரோ ஒரு ஜெர்மன் தச்சரின் தொலைபேசி எண்.

முதல் வாரம், பிழை என்றோம்.
இரண்டாம் வாரம் பம்பை மாற்றினோம்.
மூன்றாம் வாரம் தேயா
ஆய்வகக் கோட்டோடு வண்டிக்கு அடியில் படுத்தாள்.
எழுந்தபோது முதுகெல்லாம் எண்ணெய்.
'அங்கே வெறும் குழாய்தான் இருக்கிறது.'

ஜும்பேர் மறைக்கவில்லை.
'போன குளிருக்கு முந்தின குளிரில்
புகை வடிக்கும் பெட்டியை அறுத்து விற்றேன்.
உள்ளே பிளாட்டினம் என்றான் வாங்கினவன்.
வந்த பணத்தில் நான்கு பனி டயர்.
நுத்ஸுபிட்ஸே ஏற்றத்தில் வழுக்கிப் பத்துப் பேர் செத்தால்
உங்கள் தாளில் அதை எங்கே எழுதுவீர்கள்?'

எங்கள் படிவத்தில் வயது உண்டு.
சிகரெட் உண்டு.
வீட்டில் விறகா எரிவாயுவா, அதுவும் உண்டு.
டயருக்குக் கட்டம் இல்லை.
தேயா பேனாவைத் திறந்தாள்,
மூடினாள்.

'என்னுடையதைக் காட்டுங்கள்' என்றார்.
ஆய்வு முடியும்வரை காட்டக் கூடாது என்பது விதி.
காட்டினேன்.
இடுக்கி நுனியில்
சட்டைப் பொத்தானைவிடப் பெரிய கறுப்பு.

'எத்தனை நாள்?'
ஒரு நாள்.
'எனக்குள்ளும் இதே அளவா?'
கொஞ்சம் வெளியே வந்துவிடும்.
ரொம்பப் பொடியானது வராது.
நுரையீரலின் கடைசிச் சந்துவரை போகும்.
அதில் சிலது
ரத்தத்தில் ஏறிக்கொள்ளும்.

'ஏறினால் சரி.
எந்த நிறுத்தத்தில் இறங்கும்?'

சிரித்தது அவர் மட்டும்தான்.
இதயம் என்கிறார்கள், மூளை என்கிறார்கள்,
தெரியாதென்றுதானே
உங்கள் இடுப்பில் பெட்டி கட்டினோம்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
தராசு அறைக் கதவு திறந்திருந்தது.
சாத்தப் போனேன்.

அவரிடம் நான் சொல்லாதது ஒன்று:
ஐந்து வருடமாக
அந்த வண்டியில்தான் வீட்டுக்குப் போகிறேன்.

அன்றைக்கும் ஏறினேன்.
எள் போட்டால் எண்ணெயாகும் நெரிசல்.
தரைத்தகட்டு ஓட்டை வழியே ஓடும் சாலை தெரிந்தது.
முதல் பாலம் வருவதற்குள்
ஜும்பேர் தன் பக்கக் கண்ணாடியை
ஒரு சாண் இறக்கினார்.
பின்னாலிருந்து ஒரு அம்மா கத்தினாள்:
'கழுத்தில் காற்றடிக்கிறது,
எங்களைச் சாகடிக்கவா பார்க்கிறாய்?'

அவர் கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார்.
படித்தவள், எடை போடுகிறவள்,
நீயே சொல் என்பது போல.

திறந்தால் சாலை.
சாத்தினால் வண்டி.

என்னிடம் ஆறு தசமத்துக்குத் துல்லியமாக
எண் இருக்கிறது.
பதில் இல்லை.

ஒரு பாலத்திலிருந்து அடுத்த பாலம்வரை
எடை அறையில் நிற்பது போல
மூச்சைப் பிடித்துப் பார்த்தேன்.
சிவப்பு விளக்கு விழுந்தது.
முன்னால் ஒரு மணல் லாரி
உறுமிக்கொண்டு நின்றது.

முதலில் நான்தான் விட்டேன்.
பிறகு
எல்லோரையும் போல
இழுத்தேன்.